சுமைதாங்கி

(மருத்துவ மாணவரும் செவிலிய மாணவரும் கூடிய பேரவை ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் இம்மண்டபத்தில் நாள்தோறும் பேச்சு நடைபெறுகிறது. இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயமோ, நோய்க்கும் மருந்துக்கும் நடுவே நின்று இரவும் பகலும் உழைக்கிறவர்கள், அவ்வுழைப்பின் இடையிலேயே சிறிது நேரம் ஒதுங்கி இருப்பதற்கு அமைதியான ஓர் இடம் வேண்டும் என்பது. பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை. தேர்வில் இதைக் குறித்து வினாவும் வாராது. ஆயினும் நீங்கள் பட்டம் பெற்று வார்டுக்குள் காலெடுத்து வைக்கும் முதல் வாரத்திலேயே உங்கள் உடலும் உள்ளமும் இதைக் கேட்கத் தொடங்கிவிடும் என்பதை நான் அறிவேனாதலால், அவ்வினாவுக்கு என் அனுபவமும் வாசிப்பும் தந்த விடையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

திருவள்ளுவர் தம் நூலில் 'மருந்து' என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்தில், மருத்துவம் என்பது நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் ஆகிய நான்கு கூறுகளை உடையது என்று வகுத்துக் காட்டுகிறார். சரக சம்ஹிதையும் இவ்வாறே சிகிச்சைக்கு நான்கு பாதங்கள் உண்டென்று கூறுகிறது. அந்த நான்கில் மருந்து கெட்டுப்போகாமல் காப்பதற்குக் குளிர்பெட்டி வைத்திருக்கிறோம். நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் நொடிக்கு நொடி கணக்கிட இயந்திரம் வைத்திருக்கிறோம். ஆனால் மருத்துவனும் பணிசெய்பவனுமாகிய மற்ற இரண்டு பாதங்கள் தளர்ந்து நடுங்குகின்றனவா என்று பார்ப்பதற்கு நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது? நான்கு காலில் இரண்டு தளர்ந்தால் நிற்கக்கூடியது எது? ஆகையால், உழைக்கிறவருடைய களைப்பை ஆற்றுவதும் சிகிச்சையின் ஓர் அங்கமே என்பதை என் முதற்கோளாக வைத்து மேலே செல்கிறேன்.

மருத்துவமனையின் வேலை மற்ற வேலைகளைவிடக் கடினமானது என்று பெருமை பேசுவது என் நோக்கமன்று. கல் உடைப்பவருடைய வேலையும், கடலில் வலை வீசுபவருடைய வேலையும் கடினமானவைதாம். ஆனால் இவ்வேலைக்கென்று தனியான ஒரு கொடுமை உண்டு. ஒரு துக்கத்துக்கும் அடுத்த துக்கத்துக்கும் நடுவே இங்கே அவகாசம் கிடையாது. ஊரில் ஒருவர் இறந்தால் தெருவே வேலையை நிறுத்திவிட்டு அவ்வீட்டு வாசலில் வந்து அமர்கிறது; மருத்துவமனையிலோ, ஒரு குழந்தையின் கண்ணை மூடிவிட்டுத் திரும்பும் சிஸ்டரை அடுத்த கட்டிலில் சலைன் தீர்ந்துபோன பாட்டில் அழைக்கிறது, அதற்கடுத்த கட்டிலின் உறவினர், "என்ன சிஸ்டர், எவ்வளவு நேரமாகக் கூப்பிடுகிறோம்!" என்று கோபிக்கிறார். அவர் கோபிப்பதில் தவறு இல்லை. அவருக்கு அவருடைய தாய்தான் உலகம். சிஸ்டருடைய கண்ணீருக்கு மட்டும் அந்த வார்டில் இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இத்துடன் ஓசையின் தொல்லையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு நேரத்தில் நோயாளர் படுத்திருக்கும் அறையில் ஓசை 30 டெசிபலுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அமெரிக்க நாட்டின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், பல நாட்டு மருத்துவமனைகளில் எடுக்கப்பட்ட அளவுகளைத் தொகுத்து 2005-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, 1960-ஆம் ஆண்டளவில் பகலில் சராசரி 57 டெசிபலாக இருந்த ஓசை 72 ஆகவும், இரவில் 42-ஆக இருந்தது 60 ஆகவும் ஏறியிருந்தது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் தூரத்தை அமைதி மண்டலம் என்று நம் நாட்டுச் சட்டம் வகுத்து, வெளியே செல்லும் வண்டியின் ஒலிப்பானை அடக்குகிறது. உள்ளே ஓயாமல் கூவும் மானிட்டரையும் வென்டிலேட்டரையும் அடக்குவார் இல்லை. நாள்முழுதும் அபாயமணி கேட்ட செவி நாளடைவில் மெய்யான அபாயத்தையும் அலட்சியம் செய்யப் பழகிவிடுகிறது என்பது, தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிசெய்யும் எவரும் அறிந்த உண்மை.

உறக்கமின்மையின் விளைவு இன்னும் பயங்கரமானது. ஒரு மனிதன் 24 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தால் அவனுடைய கையும் கண்ணும் இசைந்து வேலை செய்யும் திறன், இரத்தத்தில் 0.10 விழுக்காடு மது கலந்தவனுடைய நிலைக்கு ஒப்பாகத் தாழ்ந்துவிடுகிறது என்று ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் இருவர் 1997-இல் கண்டறிந்து எழுதினார்கள். மது அருந்திவிட்டு ஊசி போட வருகிறவரை நாம் வாசற்படியிலேயே தடுத்துவிடுவோம். ஒரு பகலும் ஓர் இரவும் உறங்காதவரையோ 'கடமை வீரர்' என்று புகழ்ந்து மறுநாள் ஓ.பி.யிலும் உட்கார வைக்கிறோம். பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தி 2004-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், நெடுநேரம் தொடர்ந்து பணியாற்றும் பழைய முறைப்படி உழைத்த பயிற்சி மருத்துவர்கள், பணிநேரம் குறைக்கப்பட்ட முறையில் உழைத்தபோது நேர்ந்ததைக் காட்டிலும் 36 விழுக்காடு அதிகமான கடும் பிழைகளைச் செய்தார்கள் என்று தெரியவந்தது. ஓய்வைப் பறித்தால் பறிகொடுப்பவர் மருத்துவர் மட்டும் அல்லர். கட்டிலில் கிடக்கும் நோயாளியும் சேர்ந்தே பறிகொடுக்கிறார்.

அன்பர்களே, ஒதுங்க ஓர் இடம் இல்லாமை களைப்பில் மட்டும் முடிவதில்லை என்பதையும் நாம் கண்ணாரக் கண்டுவிட்டோம். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9-ஆம் நாள், கல்கத்தா நகரத்து ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், நீண்ட பணிக்கிடையே சற்றுக் கண்ணயர்வதற்குக் கருத்தரங்க அறையைத் தவிர வேறு இடம் காணாத இளம் பெண் மருத்துவர் ஒருவர், அந்த அறையிலேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டுக் கிடந்தார். நாடே கொதித்து எழுந்தது. அதே மாதம் 20-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்வழக்கை விசாரணைக்கு எடுத்துத் தேசியப் பணிக்குழு ஒன்றை நியமித்தபோது, இரவுப் பணியில் இருப்பவர்களுக்குப் போதிய ஓய்வறைகள் இல்லை என்பதையும், ஆடவருக்கும் மகளிருக்கும் தனித்தனி ட்யூட்டி ரூம்கள் பெரும்பாலும் காணப்படவில்லை என்பதையும், 36 மணி நேரம் வரை பணிசெய்ய நேரும் இளைஞர்களுக்குக் கழிப்பறை முதலிய அடிப்படை வசதிகளே குறைவாயிருப்பதையும் தன் ஆணையில் எடுத்துரைத்தது. கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு சிறு அறை ஆடம்பரம் என்று இனி எவரேனும் சொன்னால், அவருக்கு விடையாக அந்த ஆணையைப் படித்துக் காட்டுங்கள்.

இனி, நமக்கு முன் இருந்தவர்கள் இவ்விஷயத்தை எவ்வாறு எண்ணினார்கள் என்று சிறிது பார்ப்போம். செங்கற்பட்டுப் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழர் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, கோயிலைச் சார்ந்து இயங்கிய ஆதுலசாலையில் 15 நோயாளர் கிடந்து சிகிச்சை பெற்றதையும், மருத்துவர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்பவர் ஒருவர், மருந்து சேகரிப்போர், நோயாளரைப் பேணும் பெண்டிர், நாவிதர் ஆகியோர் அங்கே பணிபுரிந்ததையும், அவரவர்க்கு அளந்த நெல்லையும் விவரமாகக் கூறுகிறது. மருத்துவனை மட்டும் எழுதிவிட்டு மற்றவரை மறந்துவிடாத அந்தக் கணக்குப்பிள்ளையின் நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆதுலசாலையும் கோயிலும் ஒரே வளாகத்தில் இருந்தமையால், கைகழுவிவிட்டு வெளியே வந்தவருக்குப் பிரகாரத்தின் நிழலும் ஆற்றங்கரையும் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

மேல்நாட்டுக்குச் செல்வோமானால் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை முதலிற் சொல்ல வேண்டும். 1854 நவம்பரில் 38 தாதியரோடு ஸ்குட்டாரிப் படைமுகாம் மருத்துவமனையில் வந்திறங்கி, அழுக்கும் நெரிசலும் மரண ஓலமும் நிறைந்த அந்தக் கூடங்களில் உழைத்து மீண்ட அவர், 1860-இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் 15 மாணவியரோடு செவிலியர் பள்ளி தொடங்கியபோது செய்த முதல் ஏற்பாடுகளில் ஒன்று, மாணவியர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு சிறு படுக்கையறையும், அனைவரும் கூடியிருக்க ஒரு பொது அறையும் அமைத்ததாகும். ஏழைப் பெண்களே பெரும்பாலும் தாதிமை செய்ய வந்த அக்காலத்தில், அவர்களுக்குத் தனியறை எதற்கு என்று கேட்டவர்கள் இல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள். நோயாளிக்கு வேண்டாத ஓசை எத்தனை கொடிது என்று தம் நூலில் ஓர் அத்தியாயமே எழுதிய அம்மையார், நோயாளியைப் பேணுகிறவளுக்கும் அமைதி வேண்டும் என்பதைச் சுவர் எழுப்பிக் காட்டினார்.

அதே லண்டன் மாநகரில் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனைக்குள் 1875-இல் கட்டப்பட்ட சிறிய தேவாலயம் ஒன்று உண்டு. ஒரு வீட்டின் கூடத்தைவிட மிகப் பெரிதென்று சொல்ல முடியாத அந்த ஆலயம், பழைய கட்டிடத்தை இடித்துப் புதியது எழுப்ப நேர்ந்த காலத்தில் இடையூறாக நின்றது. அதையும் இடித்துத் தள்ளியிருந்தால் செலவு குறைந்திருக்கும். ஆனால் அந்த மருத்துவமனையார், ஆலயத்தை அப்படியே முழுதாகக் கான்கிரீட் மேடைமேல் ஏற்றி நகர்த்திப் புதிய கட்டிடத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, 1994-இல் மறுபடி திறந்து வைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாயும், அப்பிள்ளையைக் காப்பாற்ற முடியாமற்போன மருத்துவரும் சமயபேதமின்றி ஒரே பலகையில் அமரும்படியான இடத்துக்கு ஒரு நிர்வாகம் எவ்வளவு மதிப்பளிக்கலாம் என்பதற்கு இதைக் காட்டிலும் நல்ல உதாரணம் வேறு எனக்குத் தெரியாது.

நம் வேலூருக்கு வருவோம். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்து, 1900-இல் ஒரே கட்டிலோடு தொண்டைத் தொடங்கி, 1918-இல் மகளிருக்கு மருத்துவப் பள்ளியும் நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார், வெயிற்காலத்தில் கொடைக்கானல் மலைக்குச் சென்று தங்கி வருவதை வழக்கமாகக் கொண்டிருந்தார். 1960-இல் அவர் ஆவி பிரிந்ததும் அம்மலையில் அமைத்துக்கொண்ட வீட்டிலேதான். சாலையோர மரத்தடிகளில் நூற்றுக்கணக்கான நோயாளரைப் பார்த்துவந்த அந்தக் கைகளுக்கு மலைக்காற்று மீண்டும் வலிமை தந்தது. அவ்வளவு நீண்ட தொண்டு அவரால் முடிந்ததற்கு இந்த ஓய்வும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். ஆயினும், மலைவாசம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. தவிர, சித்திரை மாதத்தில் கிடைக்கப்போகும் மலைக்காற்று ஐப்பசி மாதத்து நள்ளிரவில் உடைந்து நிற்பவரைத் தாங்காது. ஆண்டுக்கு ஒருமுறை வரும் விடுமுறை வேறு. வேலைநாளின் நடுவில் கிடைக்கும் பத்து நிமிஷம் வேறு. முன்னது எவ்வளவு இனியதாயினும் பின்னதற்கு ஈடாகாது.

இவ்விடத்தில் மறுப்பு ஒன்று எழும். "புகலிடத்தை வெளியே தேடுவானேன்? மனத்துக்குள்ளேயே அமைதியைத் தேடிக்கொள்ள வேண்டும் அல்லவா?" என்று சான்றோர் கேட்பர். மலையிலும் கடற்கரையிலும் மக்கள் தேடும் ஏகாந்தத்தை அவரவர் தமக்குள்ளேயே அடையலாம் என்று ரோமச் சக்கரவர்த்தி மார்க்கஸ் அரேலியஸ் எழுதிவைத்தார். அவரைத் தம் படுக்கையருகே வைத்துப் படித்த மாபெரும் மருத்துவர் வில்லியம் ஆஸ்லர், 1889 மே மாதம் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்து மாணவரிடம் விடைபெறுகையில், எந்நிலையிலும் கலங்காத சமசித்தமே மருத்துவனுக்கு வேண்டிய தலையாய குணம் என்று உபதேசித்தார். உறங்கப்போகுமுன் அரைமணி நேரமாவது உயர்ந்த நூல்களைப் படியுங்கள் என்று கூறி, மருத்துவ மாணவருக்கென ஒரு சிறு நூற்பட்டியலையும் வகுத்துத் தந்தார். அது வெறும் வாய்ச்சொல் அன்று. 8,000 அளவில் அவர் சேர்த்த நூல்கள் மான்ட்ரியல் நகரத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் தனி நூலகமாக 1929-இல் திறக்கப்பட்டன. அவருடைய அஸ்தியும் அந்நூல்களின் நடுவிலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

ஆஸ்லர் பெருமானை நான் குருவாகப் போற்றுகிறேன். மனப்பக்குவத்தை நாடுங்கள், நல்ல நூலை நாடுங்கள் என்றே நானும் உங்களுக்குச் சொல்வேன். ஆனால் அவருடைய வாழ்க்கையையே கூர்ந்து பாருங்கள். 1917-இல் யீப்ரேப் போர்க்களத்தில் அவருடைய ஒரே மகன் காயமுற்று இறந்தபின், பகற்பொழுதில் விருந்தினர் முன் முகமலர்ச்சி குன்றாதிருந்த அப்பெரியார் இரவில் தனியே அழுதார் என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். சமசித்தத்தின் ஆசானுக்கும் கதவைச் சாத்திக்கொண்டு அழ ஓர் அறை வேண்டியிருந்தது. அவருக்கு அது இருந்தது. அவர் தலைமை மருத்துவராக அமர்ந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் உருவாகி உலகெங்கும் பரவிய பயிற்சி முறையோ, இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கி, அழைத்த நேரமெல்லாம் எழுந்து ஓடும்படி அமைந்தது. நம் மத்திய அரசு 1992-இல் வகுத்த திட்டம், அத்தகைய மருத்துவருக்குத் தொடர்பணி சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தையும், வாரத்துக்கு 48 மணி நேரத்தையும் மிஞ்சக்கூடாது என்று கூறியும், அது ஏட்டளவில் நின்றுவிட்டதை இங்குள்ள பி.ஜி. மாணவர் ஒவ்வொருவரும் அறிவர். உறங்க இடமும் நேரமும் கொடாமல் ஒருவரைப் பார்த்து, 'உள்ளத்தில் சாந்தியைத் தேடு' என்று உபதேசிப்பது தர்மம் ஆகாது. உள்ளே இருக்கும் புகலிடத்தை அடைவதற்கும் வெளியே ஒரு வாசற்படி வேண்டும்.

அந்த வாசற்படி கிடைக்காதபோது மனிதர் தாமே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் நான் பணிபுரிந்த காலத்தில், வரைபடத்தில் இல்லாத இத்தகைய இடங்களைப் பார்த்திருக்கிறேன். வெளிவாயிலுக்கு எதிரே இருக்கும் டீக்கடைப் பலகை. வளாகத்து அரசமரத்தடிப் பிள்ளையாரின் முன்னால் நைட் ட்யூட்டி முடித்த சிஸ்டர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் ஒரு சாண் நிழல். லிப்ட் நின்றுபோன மாடிப்படியின் திருப்பம். துணி அலமாரிக்குப் பின்னால் ஆயாம்மா தன் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொள்ளும் மூலை. ஹவுஸ் சர்ஜன் கால் மடக்கிப் படுக்கும் பரிசோதனை மேஜை. 108 வண்டியின் ஓட்டுநர் சற்றுக் கண்மூடும் அதே ஸ்ட்ரெச்சர். ஒருமுறை, இளம் தாய் ஒருத்தியைப் பிரசவத்தில் இழந்த இரவில், மூத்த சிஸ்டர் ஒருவர் ஸ்டோர் ரூமுக்குள் போய்ச் சிறிது நேரம் இருந்துவிட்டு, முகம் கழுவி வெளியே வந்து, "டாக்டர், அடுத்த கேஸுக்கு டேபிள் ரெடி" என்றார். அந்தச் சொல்லில் இருந்த நிதானத்தை நான் இன்றும் வணங்குகிறேன். பஞ்சுப் பொட்டலங்களுக்கும் உடைந்த கட்டில்களுக்கும் நடுவே அவர் அதைத் தேடிப் பெற வேண்டியிருந்ததே என்பதற்காக வருந்தவும் செய்கிறேன்.

இடமே கிடைக்காத நேரத்திலும் அமைதிக்கு ஒரு வழி உண்டென்று காட்டியவர் அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழக மருத்துவமனையைச் சேர்ந்த ஜொனாதன் பார்ட்டெல்ஸ் என்னும் ஆண் செவிலியர். காப்பாற்ற எடுத்த முயற்சியெல்லாம் வீணாகி ஒருவர் உயிர் நீங்கியவுடன், கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லோரும் கலைந்துபோவதை மாற்றி, இறந்தவரும் யாரோ ஒருவருக்கு அன்பானவராக இருந்தார் என்று நினைவுகூர்ந்து, கட்டிலைச் சூழ்ந்து ஏறக்குறைய ஒரு நிமிஷம் மௌனமாக நிற்கும்படி அவர் தம் கூட்டாளிகளைக் கேட்டுக்கொண்டார். அவ்வழக்கம் பல மருத்துவமனைகளுக்குப் பரவியிருக்கிறது. அதற்குக் கட்டிடம் வேண்டாம், பணம் வேண்டாம், எந்த மதத்தின் மந்திரமும் வேண்டாம். மாணவர்களே, நாளை நீங்கள் வார்டுக்குப் போனால், எந்த உத்தரவுக்கும் காத்திராமல் தொடங்கக்கூடியது இது ஒன்று.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, நம் நாட்டுப்புறத்தின் பழைய அறம் ஒன்றை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். தலைச்சுமையோடு நெடுவழி நடப்பவர் இறக்கி வைத்து இளைப்பாறுவதற்காக, இரண்டு கல்லை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவாகச் சுமைதாங்கி என்று நம் முன்னோர் வழியெங்கும் அமைத்தார்கள். பிள்ளையைச் சுமந்தபடியே, பெற்றெடுக்காமல் மாண்டுபோன பெண்ணின் நினைவாக அவளுடைய சுற்றத்தார் அதை நடுவது வழக்கம். அவள் இறக்கிவைக்க முடியாமற்போன சுமைக்கு ஈடாக, முன்பின் அறியாத வழிப்போக்கர் எல்லோரும் தத்தம் சுமையைச் சிறிது இறக்கிவைக்கட்டும் என்று எண்ணிய அந்த மனத்தின் உயரத்தை நினைக்குந்தோறும் என் நெஞ்சு நெகிழ்கிறது. சுமைதாங்கி ஒருவருடைய சுமையைப் பறித்துக்கொள்வதில்லை. இளைப்பாறியவர் மீண்டும் தம் சுமையை எடுத்துக்கொண்டு தம் வழியே நடக்கிறார். வெறுங்கையோடு ஓடிப்போக விரும்புகிறவருக்குச் சுமைதாங்கி எதற்கு? சுமையைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்ற உறுதியுள்ளவருக்கே அது வேண்டும். ஆகையால் ஒதுங்கி ஓய்வதைக் கடமையினின்றும் தப்புவதாக எண்ணிக் கூசாதீர்கள்.

ஆனால் இங்கே ஒரு பேதம் உண்டு; என் சொற்பொழிவின் முடிந்த முடிபு அதில்தான் இருக்கிறது. புல்லுக்கட்டைக் கல்லின்மேல் வைக்கலாம். மூச்சுக்குத் திணறும் நோயாளியைக் கல்லின்மேல் வைத்துவிட்டுப் போக முடியுமா? மருத்துவமனையில் ஒருவர் சுமையை இறக்கவேண்டுமானால் அதை மற்றொரு மனிதர் தாங்கவேண்டும். எத்தனை அழகான ஓய்வறை கட்டினாலும், 'நீ போய் வா, உன் கட்டில்களை நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்ல ஓர் ஆள் இல்லையானால் அந்த அறை பூட்டிக் கிடப்பதற்கே ஆகும். போதனா மருத்துவமனையில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலியரும், பொது மருத்துவமனையில் ஐந்து படுக்கைக்கு ஒருவரும் இருக்க வேண்டும் என்றும், விடுப்பு முதலியவற்றுக்கு ஈடாக மேலும் 30 விழுக்காடு பேர் வேண்டும் என்றும் இந்திய செவிலிய மன்றம் அளவு வகுத்திருக்கிறது. அந்த 30 விழுக்காடு வீண்செலவென்று நிதி அதிகாரிகள் எண்ணலாம். ஓய்வறையின் சுவரும் கூரையும் உண்மையில் அந்த 30 விழுக்காட்டினரே என்பதை நிர்வாகப் பொறுப்பிலுள்ள பெரியோர்கள் தயைகூர்ந்து உணரவேண்டும்.

அறை எப்படி இருக்கவேண்டும் என்று கேட்பீர்களானால் சுருக்கமாகச் சொல்கிறேன். காஷுவல்டிக்கும் ஐ.சி.யூ.வுக்கும் இரண்டு நிமிஷ நடைக்குள் அது இருக்கட்டும். தொலைவில் இருந்தால் எவரும் போகார். உள்ளே தாழிட வசதியும், ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனி இடமும், ஒட்டினாற்போல் கழிப்பறையும், குடிநீரும், தோய்த்த விரிப்பிட்ட கட்டிலும், தணிக்கக்கூடிய விளக்கும், மரமோ வானமோ தெரிகிற ஒரு சன்னலும் போதும். தொலைக்காட்சி வேண்டாம், சுற்றறிக்கை ஒட்டும் பலகையும் வேண்டாம். பழுதான கட்டிலும் ஆக்சிஜன் சிலிண்டரும் நாளடைவில் அங்கே குடியேறாதபடி பார்த்துக்கொள்ள ஒருவர் பொறுப்பேற்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டருக்கு ஓர் அறை, சிஸ்டருக்கு ஒரு மூலை, துப்புரவு செய்யும் அம்மாளுக்கு மாடிப்படி என்ற ஏற்றத்தாழ்வு அங்கே வேண்டாம். பிணத்தைத் துடைத்துத் துணி சுற்றிக் கட்டுகிற கைக்கும் துக்கம் உண்டு. திருமுக்கூடல் கல்வெட்டு நாவிதரையும் விடாமல் எழுதியதே, அந்த நியாயம் நம் கட்டிடங்களிலும் விளங்கட்டும்.

மாணவச் செல்வங்களே, நிர்வாகம் செய்யவேண்டியது ஒருபுறம் இருக்க, உங்களால் ஆவதையும் கூறி அமைகிறேன். உங்கள் ட்யூட்டி முடியும் நேரத்தில் அடுத்தவர் வரும்வரை நில்லுங்கள். நீங்கள் அடுத்தவராக வரும்போது குறித்த நேரத்துக்குக் கால்மணி முன்னதாக வாருங்கள். நோயாளியை ஒப்படைக்கும்போது அவசரப்படாமல், எதையும் மறைக்காமல், முழுமையாகச் சொல்லி ஒப்படையுங்கள். ஐயம் மிச்சமிருக்கும் மனம் எந்த அறைக்குப் போனாலும் ஓய்வு பெறாது. உங்கள் பக்கத்தில் நிற்பவரின் கை நடுங்குவதைக் கண்டால், அவர் கேட்கும்வரை காத்திராமல், "நீங்கள் போய்க் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அக்கா, நான் இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். உங்களை ஒருவர் அவ்வாறு அனுப்பினால், வீம்பு பாராட்டாமல் போய்வாருங்கள். ஒருவருடைய விழிப்பின்மேல்தான் மற்றொருவருடைய அமைதி கட்டப்படுகிறது. அந்த விழிப்பை ஒருவருக்கொருவர் முறைவைத்து வழங்கிக்கொள்ளக் கற்றீர்களானால், கற்ற வித்தை முழுவதையும் நோயாளிக்குக் கொடுக்கும் வலிமை நெடுங்காலம் உங்களிடம் நிலைத்திருக்கும். அவ்வலிமையோடு நீங்கள் நீடூழி வாழ்ந்து தொண்டு புரிவீர்களாக.